"நமக்கெல்லாம் எதுக்கு"ன்னு உள்ள ஒரு குரல் கேக்குதா? அத வச்சுக்கிட்டே சம்பளம் கேக்குறது எப்படி

2015ல திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போனேன். ஃபார்ம்ல "எதிர்பார்க்கும் சம்பளம்"னு ஒரு கட்டம். ரூம்ல இருந்து கெளம்பும்போது 16 ஆயிரம்னு நெனச்சேன், பஸ்ல வர்றப்ப அது 14 ஆச்சு, ரிசப்ஷன்ல உக்காந்து எதிர்ல ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல போன் பேசுறத பாத்ததும் 11ன்னு எழுதிட்டேன். மேனேஜர் அத பாத்துட்டு நிமிந்துகூட பாக்காம "ஓகேம்மா, ஒண்ணாந்தேதி வந்துரு"ன்னுட்டாரு. அந்த ஓகே வந்த வேகம் இருக்கே, அத மறக்கவே முடியல. அதே மாசம் அதே வேலைக்கு சேந்த பையனுக்கு பதினஞ்சரை, சம்பள ஷீட் போடுறதே நான்தாங்கிறதால தெரிஞ்சுச்சு.

யாரும் என் சம்பளத்த குறைக்கல, பஸ்ல உக்காந்து நானே குறைச்சிருக்கேன். "உனக்கு யாருடி 16 குடுப்பா, தமிழ் மீடியம், உசிலம்பட்டி பக்கம், கெடச்சா போதாதா"ன்னு ஒரு குரல் சொல்லிட்டே வந்துச்சு, நானும் சரிசரின்னு கேட்டுட்டே வந்தேன். இந்த குரலோட எப்படி மல்லுக்கட்டுறதுன்னு நான் கத்துக்கிட்டத வரிசையா எழுதுறேன், வேலைக்கு புதுசா வர்ற தம்பி தங்கச்சிகளுக்குத்தான் முக்கியமா. நான் டாக்டர் கெடையாது, செஞ்சு பாத்தத சொல்றேன், நடுவுல படிச்சதும் கொஞ்சம் வரும்.

முதல் வேலை: ஒரு வாரம் அது சொல்றத அப்படியே எழுதுங்க

பத்து ரூபாய்க்கு விக்கிற நோட்டுப் புக்கு ஒண்ணு போதும், இல்ல போன்லயே நோட்ஸ் இருக்கு. "மனசு சரியில்ல", "டவுனா இருக்கு"ன்னெல்லாம் எழுதக்கூடாது. குரல் என்ன வார்த்தை சொல்லுச்சோ அதே வார்த்தை, "டி" போட்டா "டி"யோட. எப்ப வந்துச்சு, அப்ப நீங்க என்ன பண்ணப் போனீங்கங்கிறதும் ஒரு வரி.

ஆரோன் பெக்னு அமெரிக்காவுல ஒரு மனநல டாக்டர், 1960கள்ல அவரு கவனிச்சது இதத்தான். நோயாளிங்க வாய்விட்டு ஒண்ணு சொல்லிட்டு இருக்கும்போதே உள்ள இன்னொரு பேச்சு தானா ஓடிட்டு இருக்கு, அது ரொம்ப வேகமா வந்து போயிடுறதால அது ஒரு எண்ணம்னே அவங்களுக்கு தெரியல, உண்மைன்னு எடுத்துக்கிறாங்க. அத புடிச்சு வெளிய வச்சு சோதிச்சு பாக்கணும்னு அவரு உண்டாக்குன முறைதான் இன்னைக்கு சிபிடின்னு (காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி) சொல்ற சிகிச்சை.

என் நோட்டுல ஒரு வாரத்துல 23 வரி சேந்துச்சு. படிச்சா சிரிப்பு வந்துச்சு, ஏன்னா 23 வரியும் நாலே நாலு வசனம்தான், திரும்ப திரும்ப. "உனக்கு ஒண்ணும் தெரியாது." "கேட்டா இருக்கிறதும் போயிடும்." "பாக்குறவங்க என்ன நெனப்பாங்க." "விரலுக்கேத்த வீக்கம் வேணும்." பழமொழி எல்லாம் சொல்லுது பாருங்க.

இங்கயே ஒண்ணு சொல்லிடுறேன். எழுதும்போது "நான் இல்லாம போனா நல்லாருக்கும்"ங்கிற மாதிரி வந்தாலோ, ரெண்டு வாரமா தூக்கம் சாப்பாடு எதுவுமே ஓடலன்னாலோ, அது இந்த கட்டுரையோட வேலை கெடையாது. 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோடது, 2022ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

ரெண்டாவது: இது யார் குரல்னு கண்டுபுடிங்க

நாலு வசனத்தையும் மெதுவா வாய்விட்டு படிங்க, யாரோட குரல்ல வருதுன்னு தெரியும். "உனக்கு ஒண்ணும் தெரியாது" எங்க எட்டாம் வகுப்பு கணக்கு டீச்சர். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னு கிளாஸ் முழுக்க கேக்க சொன்னவங்க. (எங்க வீட்ல மாடு இருந்துச்சு, நல்லாவும் மேய்ப்பேன், அது தனிக்கதை.)

"கேட்டா இருக்கிறதும் போயிடும்" எங்கம்மா. இத டீச்சர் கணக்குல சேக்கக்கூடாது. எங்கம்மா களையெடுக்க போனவங்க. அங்க கூலி கூட கேட்டா நாளைக்கு வேலைக்கு கூப்பிட மாட்டாங்க, கூப்பிடலன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது. அவங்க வாழ்க்கைக்கு அந்த பயம் சரியாத்தான் இருந்துச்சு. யூடியூப்ல சிலபேரு அப்பா அம்மா வளத்த விதம்தான் எல்லாத்துக்கும் காரணம்னு பேசுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணான்னு பயந்து பயந்துதான் என்னைய பி.காம் படிக்க வச்சாங்க. மாசச் சம்பளக்காரிக்கு அந்த பயம் அதே அளவுக்கு தேவையான்னு மட்டும்தான் நான் பாக்கணும்.

அதனால நோட்டுல ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்துல பேரு எழுதுங்க. அடுத்த தடவை வரும்போது "ஓ, டீச்சர் வந்துட்டாங்க"ன்னு தோணும், அவ்ளோதான் நடக்கும், ஆனா அந்த ஒரு செகண்ட் இடைவெளிதான் வேணும்.

செய்யக்கூடாத ரெண்டு

ஒண்ணு, குரல அமுக்க பாக்காதீங்க. குரங்க நெனைக்காம மருந்து குடின்னு வைத்தியர் சொன்ன கதை நம்மூர்ல எல்லாருக்கும் தெரியும், மருந்த எடுத்தாலே குரங்குதான் வரும். டேனியல் வெக்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1987ல கிட்டத்தட்ட இதையே காலேஜ் பசங்கள வச்சு செஞ்சாரு, குரங்குக்கு பதிலா வெள்ளைக் கரடி. நெனைக்காதீங்கன்னு சொல்லி, நெனப்பு வந்தா மணி அடிக்க சொன்னாரு. மணி அடிச்சுட்டேதான் இருந்துச்சு, அதுமட்டுமில்ல, அப்புறம் இப்ப நெனைக்கலாம்னு விட்டதும், மொதல்ல இருந்தே நெனைக்கலாம்னு விடப்பட்டவங்கள விட இவங்களுக்கு அதிகமா வந்துச்சாம்.

ரெண்டு, கண்ணாடி முன்னாடி நின்னு "நான் வெற்றியாளர், என்னால எல்லாம் முடியும்"னு சொல்றது. நானும் பத்து நாள் சொன்னேன், பதினோராவது நாள் டீச்சர் கண்ணாடிக்குள்ள இருந்தே சிரிச்ச மாதிரி இருந்துச்சு. 2009ல கனடாவுல ஜோயன் வுட்டுன்னு ஒருத்தங்க குழு இத சோதிச்சிருக்கு. தன்னைப் பத்தி ஏற்கனவே நல்ல எண்ணம் இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி வாக்கியம் கொஞ்சம் உதவுது, தன்னையே தாழ்வா நெனைக்கிறவங்களுக்கு சொன்னப்புறம் இன்னும் மோசமா இருக்கு. நம்பாத ஒண்ண மனசுகிட்ட சத்தமா சொன்னா அது எதிர்வாதம்தான் பண்ணும்போல.

மூணாவது: "ஒண்ணும் தெரியாது"வ கணக்கா மாத்துங்க

இதுதான் எனக்கு அதிகமா வேலை செஞ்சது, கணக்குக்காரிங்கிறதாலயும் இருக்கலாம். பேலன்ஸ் ஷீட்ல "நிறைய நஷ்டம்"னு எழுதினா ஆடிட்டர் விடுவாரா? எவ்ளோ, எதுல, எப்பருந்துன்னு கேப்பாருல்ல, அதே மாதிரி குரல்கிட்ட கேளுங்க. ஒண்ணும் தெரியாதுன்னா, எது எது தெரியாது?

ஒரு பக்கத்துல தெரிஞ்சது, இன்னொரு பக்கத்துல தெரியாதது. நான் 2018ல எழுதுனது இது. தெரிஞ்சது: டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்), ஸ்டாக் கணக்கு, ஜாப் ஒர்க் (வெளிய குடுத்து செஞ்சு வாங்குற வேலை) பில் பாக்குறது, பேங்க் ரீகன்சிலியேஷன், பிஎஃப் இஎஸ்ஐ கட்டுறது, இ-வே பில் போடுறது, மாசம் 11ஆந் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, 20ஆந் தேதிக்குள்ள 3பின்னு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறது. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப பழைய வாட் கணக்குல இருந்து எல்லாத்தையும் மாத்துனது யாருன்னு பாத்தா நானும் அந்த பதினஞ்சரை பையனும்தான், அதுலயும் அவன் பாதியிலேயே டைபாய்டுன்னு ஊருக்கு போயிட்டான். தெரியாதது: டிராபேக் (எக்ஸ்போர்ட் பண்ணதுக்கு கட்டுன வரிய அரசாங்கத்துகிட்ட திருப்பி வாங்குறது) கிளெய்ம் பண்ற வேலை, எக்செல்ல பிவட் டேபிள், பையர் ஆபீஸ்ல இருந்து போன் வந்தா இங்கிலீஷ்ல பேசுறது.

மூணு. "ஒண்ணும் தெரியாது"ன்னு மூணு வருஷமா சொல்லிட்டு இருந்தது மூணே மூணு விஷயத்த வச்சு. அதுல பிவட் டேபிள் ஒரு ஞாயித்துக்கிழமைல வந்துருச்சு. டிராபேக்க பக்கத்து சீட் அண்ணன்கிட்ட ரெண்டு ஷிப்மென்ட் கூட உக்காந்து கத்துக்கிட்டேன். இங்கிலீஷ் போன் மட்டும் நெஜமாவே குறைதான், இன்னைக்கும் தடுமாறுவேன். குரல் சொல்றதுல பத்துல ஒண்ணு ரெண்டு உண்மையாவும் இருக்கும், அத ஒத்துக்கிட்டு அதுக்கு தனியா வழி பாக்கணும், ஆனா அந்த ஒண்ண காட்டி மீதி ஒம்போதுக்கும் கையெழுத்து வாங்க வர்றப்ப போடக்கூடாது.

இந்த தெரிஞ்சது லிஸ்ட்ட அப்படியே தொடருங்க. சனிக்கிழமை சாயங்காலம் மூணு வரி. "நல்லா வேலை பார்த்தேன்"னு இல்லாம "ஜாப் ஒர்க் பில்லுல 8,400 ரூபா ரெண்டு தடவை போட்டிருந்தாங்க, புடிச்சேன்" அப்படின்னு நம்பரோட. பின்னாடி இதுதான் உங்க சாட்சி.

நாலாவது: உங்கள நீங்களே பேர் சொல்லி கூப்பிடுங்க

இத படிச்சப்ப லூசுத்தனமா இருக்கேன்னுதான் நெனச்சேன். ஈதன் க்ராஸ்னு மிச்சிகன் யுனிவர்சிட்டி பேராசிரியர், அவங்க குழு 2014ல போட்ட ஆய்வு. மேடைல பேசப்போற மாதிரி டென்ஷனான நேரத்துக்கு முன்னாடி, "நான் ஏன் இப்படி பயப்படுறேன்"னு யோசிச்சவங்கள விட, தன் பேரையே சொல்லி "நீ ஏன் பயப்படுற"ன்னு யோசிச்சவங்களுக்கு பதட்டம் கம்மியா இருந்துச்சு, பேச்சும் நல்லா வந்துச்சு.

நமக்கு இது ஈசி, ஏன்னா அந்த குரலே "நீ" போட்டுத்தான் திட்டுது, திட்டுறதுக்கு பதிலா ஊர்ல உங்கமேல பாசமா இருக்கிற ஒரு அக்காவோ மாமாவோ எப்படி கூப்பிடுவாங்களோ அப்படி கூப்பிட்டா போதும். எனக்கு எங்க மதினி. "ஏத்தா, ஜிஎஸ்டிய ராவும் பகலுமா ஒக்காந்து முடிச்சவ, இதுக்கா கால் ஒதறுது?" பாத்ரூம்ல கதவ சாத்திட்டு சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் ஆகும்.

அஞ்சாவது: கண்டக்டர்கிட்ட பாக்கி சில்லறை கேளுங்க

சிரிக்காதீங்க, இதுதான் முக்கியமான பயிற்சி. டிக்கெட் பின்னாடி "7"ன்னு எழுதி வட்டம் போட்டு குடுத்துருவாரு, எறங்கும்போது வாங்கிக்கன்னு. ஸ்டாப் வரும், கூட்டமா இருக்கும், அவரு முன்னாடி இருப்பாரு, "ஏழு ரூபாய்க்கு போய்..."ன்னு அந்த குரல் ஆரம்பிக்கும், நாமளும் எறங்கிருவோம். நான் எத்தனை ஏழு ரூபா விட்டிருப்பேன்னு கணக்கு போட்டா வயிறு எரியுது. ஏழு ரூபா கேக்க நாக்கு வராதவளுக்கு எம்டி ரூமுக்குள்ள போனா மட்டும் ஏழாயிரம் கேக்க நாக்கு எப்படி வரும்?

(டவுன் பஸ்ல 2021லருந்து பொம்பளைங்களுக்கு காசே இல்லாததால தங்கச்சிங்களுக்கு இந்த பயிற்சி வெளியூர் பஸ்லதான்.)

ஒரு மாசம், நாளுக்கு ஒண்ணு. டீக்கடைல சக்கரை கம்மியா கேட்டும் பாயாசமா வந்தா, "அண்ணா சக்கரை கம்மின்னேனே, மாத்திக் குடுங்க". துணிக்கடைல தையல் விட்டிருந்தா திருப்பிக் குடுக்குறது. ரேஷன் கடை வரிசைல நடுவுல புகுந்தவங்ககிட்ட "பின்னாடி வாங்கக்கா". ஹாஸ்டல் ஓனரம்மாகிட்ட ஃபேன் சத்தம் போடுதுன்னு சொல்றது. சண்டை போடச் சொல்லல, சிரிச்ச முகமாவே கேக்கலாம், கேட்டுட்டு என்ன நடந்துச்சுன்னு நோட்டுல எழுதணும். நான் 30 நாள் கேட்டதுல 21 தடவை கேட்டது கெடச்சுது, ஏழு தடவை கெடைக்கல, ரெண்டு தடவை திட்டு வாங்குனேன். குரல் சொன்ன மாதிரி உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழல, டீக்கடை அண்ணன் இப்ப நான் வந்தாலே சக்கரைய பாத்துதான் போடுறாரு.

ஆறாவது: சந்தை விலை தெரிஞ்சுக்கிட்டு மூணு நம்பர் எழுதுங்க

உழவர் சந்தைல கூட போர்டு பாத்துட்டுத்தான் தக்காளி வாங்குறோம், நம்ம உழைப்புக்கு மட்டும் என்ன விலைன்னு தெரியாமயே போய் நிக்கிறோம். அதே வேலைல, அதே அனுபவத்துல இருக்கிற மூணு பேர்கிட்ட கேளுங்க. சொந்தக்காரங்ககிட்ட கேக்காதீங்க, அவங்க சம்பளத்த கூட்டிச் சொல்வாங்க, உங்க சம்பளத்த ஊர்பூரா சொல்வாங்க.

கேக்கும்போது கைக்கு வர்றதா, மொத்தமான்னு தெளிவா கேளுங்க, இங்கதான் புதுசா வர்றவங்க ஏமாறுறது. பேசிக்ல 12 சதவீதம் பிஎஃப் போகும், மொத்தம் 21 ஆயிரத்துக்குள்ள இருந்தா இஎஸ்ஐக்கு முக்கால் சதவீதம் போகும். சில கம்பெனில அவங்க கட்ட வேண்டிய பிஎஃப் பங்கையும் உங்க சம்பளக் கணக்குக்குள்ளயே சேத்து பெருசா காட்டுவாங்க, சட்டப்படி எப்படியும் குடுக்க வேண்டிய 8.33 சதவீத போனஸ கூட சலுகை மாதிரி சொல்லுவாங்க.

அப்புறம் மூணு நம்பர். வாய்விட்டு கேக்கப்போறது, மனசு நெறையிறது, இதுக்கு கீழ போனா வேற எடம் பாக்கணுங்கிறது. என்னோடது 20, 18, 16. அப்ப வாங்கிட்டு இருந்தது 14. பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க, ஏன்னா மனசுல மட்டும் இருந்தா பஸ்ல வரும்போது குறையும், அதான் என் கதைய மொதல்லயே சொன்னேனே.

ஏழாவது: கேளுங்க, கேட்டுட்டு வாய மூடுங்க

ஷிப்மென்ட் போற வாரத்துல போகாதீங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுற 20ஆந் தேதி பக்கமும் வேணாம். மொத நாளே "சார், நாளைக்கு பத்து நிமிஷம் பேசணும்"னு சொல்லி வைங்க. உள்ள போனதும் நோட்டுல இருக்கிறதுல மூணே மூணு விஷயம், நம்பரோட, அப்புறம் தொகை. வீட்டு வாடகை ஏறிருச்சு, அம்மாவுக்கு மருந்து செலவுன்னு ஆரம்பிக்காதீங்க, பாவம்னு தர்ற காசுக்கு இந்த நோட்டே தேவையில்லயே. அப்புறம் சில வார்த்தை வாயில வரவே கூடாது: "முடிஞ்சா", "உங்களுக்கு சரின்னு பட்டா", "ஒண்ணும் அவசரமில்ல சார்", "பரவாயில்ல". இதெல்லாம் மரியாதைன்னு நெனச்சுதான் சொல்றோம், கேக்குறவருக்கு அது தள்ளுபடி போர்டு.

என் எம்டிகிட்ட நடந்தது ஏறக்குறைய இப்படி.

"20 ஆயிரம் பண்ணிக் குடுங்க சார்."

அவரு ஒண்ணும் பேசல. ஃபேன் சுத்துது. "இல்லன்னா 16 குடுத்தாலும்"னு நாக்கு நுனிக்கு வந்துருச்சு, பர்ஸ இறுக்கி புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

"ஏம்மா, ஒரேடியா ஆறாயிரமா? மார்க்கெட் இருக்கிற நெலமை தெரியுமல்ல?"

"தெரியுங்க சார். இதே வேலைக்கு வெளிய 19, 20 குடுக்குறாங்க. நான் இங்கயே இருக்கணும்னுதான் கேக்குறேன்."

"சரி, பாக்கலாம் போ."

இந்த "பாக்கலாம்" இருக்கே, இதுலதான் முக்காவாசி பேரு வெளிய வந்துருவோம். அப்ப ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கு: "எந்த தேதி வரட்டுங்க சார்?" தேதி வாங்காம எந்திரிக்காதீங்க. அவரு அடுத்த மாசம் அஞ்சாந்தேதின்னாரு.

எட்டாவது: இல்லன்னு சொல்லிட்டா

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்துன்னு நமக்கு சின்ன வயசுல இருந்தே சொல்றாங்க, எனக்கு அது புடிக்கவும் செய்யும். ஆனா எது போதுமென்ற மனம், எது பயம்னு பிரிக்க எனக்கு ஒரே சோதனைதான் தெரியும்: கேட்டோமா? கேட்டு, பேசி, அவங்களால முடியலன்னு தெரிஞ்சு, வீட்டுக்கு பக்கம், வேலை புடிச்சிருக்கு, இருக்கட்டும்னு நீங்களா முடிவு பண்ணா அது நிம்மதியா இருக்கும், ராத்திரி திரும்ப திரும்ப ஞாபகம் வராது. கேக்காமயே போதும்னா அது உள்ள இருக்கிற டீச்சர் எடுத்த முடிவு. வரன் பாக்குறதுலயும் இதேதான், "28 ஆச்சு, இனி வர்றதுக்கு தலையாட்டு"ன்னு அவசரப்படுத்துவாங்க, பையன்கிட்ட நாலு கேள்வி கேட்டு புடிச்சு தலையாட்டுறது வேற, கேள்வியே கேக்காம ஆட்டுறது வேற. அத எழுதினா தனிக் கட்டுரை ஆயிடும்.

இன்னொண்ணு, எல்லாத்தையும் நம்ம மனசு பிரச்சனைன்னு எடுத்துக்கவும் கூடாது. பேசுன சம்பளத்த தரல, ஓவர்டைம் எழுதுறதில்ல, பிஎஃப் புடிச்சுட்டு கட்டவே இல்லன்னா அதுக்கு நோட்டு எழுதி ஒண்ணும் ஆகாது, பிஎஃப் ஆபீஸ், லேபர் ஆபீஸ்னு போக வேண்டிய விஷயம் அது.

மூணாவது நம்பருக்கும் கீழ சொல்லிட்டா கோவத்துல அன்னைக்கே பேப்பர் போடாதீங்க. சம்பள ஸ்லிப்பெல்லாம் பத்திரமா எடுத்து வைங்க, நோட்டீஸ் எத்தனை நாள்னு ஆர்டர்ல பாருங்க, வேற எடத்துல ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தப்புறம் சொல்லுங்க. அந்த எடத்து ஃபார்ம்லயும் "எதிர்பார்க்கும் சம்பளம்" கட்டம் இருக்கும், பர்ஸ்ல இருக்கிற பேப்பர பாத்து அப்படியே எழுதுங்க.

என் விஷயத்துல, அஞ்சாந்தேதி போய் நின்னேன். எம்டி சுத்தமா மறந்துட்டாரு. "என்னம்மா?"ன்னாரு. தேதி சொல்லி ஞாபகப்படுத்தி, திரும்ப மொதல்ல இருந்து அதே மூணு விஷயம், அதே தொகை. கொஞ்ச நேரம் கால்குலேட்டர தட்டிட்டு "பதினெட்டரை, இந்த மாசத்துல இருந்து"ன்னாரு. தேங்க்ஸ் சொல்லி வெளிய வந்து, பாத்ரூம்ல கதவ சாத்திட்டு கொஞ்சம் அழுதேன், அப்புறம் சீட்டுல வந்து உக்காந்து டேலிய தொறக்கும்போதுதான் ஒறைச்சுது, நான் கேட்டது போன மாசம், அவரு நாள் கடத்துன அந்த ஒரு மாசத்துக்கு அரியர் நாலாயிரத்தைநூறு வந்திருக்கணும். கேக்கல. நீங்க போனா அதையும் சேத்து கேளுங்க.